அப்பால் தெரு

1

“பேர் வெக்கலைன்னா இந்தத் தெருவு தொலைஞ்சிடாதாப்பா?”

இப்படிக் கேட்டபோது சுபஸ்ரீக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா வேடியப்பன் கள்ளக்குறிச்சியில் ஓவர்சியர். தெருக்களுக்கு அளவு எடுப்பதும் சாக்கடைக்கு வாட்டம் பார்ப்பதும் அவர் வேலை. “அப்பால வெக்கலாம் கண்ணு,” என்றாராம்.

இருபது வருடம் கழித்து, ரிஷிவந்தியம் கோயிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சுபஸ்ரீ இதைச் சொன்னாள். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, நினைவு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்றாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்த கையோடு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

‘நகரையும் குடும்பத்தையும் நண்பர்களையும் உயிராக நேசித்த வேடியப்பன் அவர்கள்…’

(நிறுத்திவிட்டேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இது ஏற்கெனவே இருக்கிறது, பெரிய எழுத்தில்.)

‘விடியற்காலை ஐந்து மணிக்கே டேப்பும் கையுமாக அவர்…’

(எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆறரைக்கு எழுந்திருப்பவன்.)

மூன்றாவது தொடக்கத்தைக் கொடுத்தவர் கரீம் பாய். வேடியப்பனின் நாற்பது வருடச் சிநேகிதர். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்.

“எழுதறதா இருந்தா இத எழுதுங்க. ஞாயித்துக்கெழம ஆனா பொண்ணைக் கூட்டிக்கினு வருவாரு. புதுசா கட்டுன சாக்கடையில ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி, காயிதக் கப்பல் வுடுவாரு. வாட்டம் சரியாக் கீதான்னு பாக்கறதுக்கு. நான் கடைசில குந்திக்கினு கப்பலைப் புடிக்கணும். ‘வந்துடுச்சா பாய்?’ம்பாரு. வரலைன்னா மறுநா மேஸ்திரி செத்தான்.”

நகரம், குடும்பம், நட்பு மூன்றும் ஒரே சாக்கடையில் ஓடுகின்றன. இதைவிட நல்ல வரி என்னிடம் இல்லை. ஆகவே இனி கரீமின் பின்னாலேயே போகிறேன்.

3

கரீம் குடியிருக்கும் தெருவும் வேடியப்பன் போட்டதுதான். பதினாறடி அகலம், நடுவில் ஒரு வளைவு, நாற்பத்தொரு வீடு. அதன் வரைபடத்தில், ‘தெருப் பெயர்’ என்ற கட்டத்தில், வேடியப்பன் பென்சிலால் எழுதியிருந்தது: அப்பால. நம் பக்கத்துப் பேச்சில், பிறகு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய வெளியூர்த் தம்பி ஒருவர், கடைசி எழுத்தில் புள்ளி விட்டுப்போயிற்று என்று நினைத்து, மரியாதையாக ஒரு புள்ளி வைத்தார். அவ்வளவுதான். அப்பால் தெரு.*

(*அந்தத் தம்பியின் மேல் கோபம் வேண்டாம். திருத்துகிறோம் என்று நினைத்துச் செய்த தவறுகளை ஆண்டவன் வேறு பக்கத்தில் எழுதி வைப்பார் என்று நம்புகிறேன். என்னுடையவையும் அங்கேதான் இருக்கவேண்டும்.)

“மாப்ள வூடு எங்க?” “அப்பால்.” “எதுக்கு அப்பால்?” என்று பேச்சு முற்றி ஒரு சம்பந்தம் கலைந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பெயர்ப் பலகையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, “பிறவிக்கே அப்பால்,” என்று கண் கலங்கினார். செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போயிற்று. (நாய் என் சேர்க்கை. கண் கலங்கியது உண்மை.)

ஊர் சொன்னது ஒன்றுதான்: ஒரு பெயர் வைக்க ஓவர்சியருக்குச் சோம்பல். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சுபஸ்ரீ மட்டும் சிரித்ததில்லை.

4

வேடியப்பனை எடுத்துப்போன அன்று, கரீம் அவர் காதருகே குனிந்து ஒரு சத்தியம் செய்தார். “அந்தத் தெருவுக்கு உன் பேரை வெக்கிறேன்யா. வெக்கலைன்னா நான் கரீம் இல்ல.”

ஒரு தகரம் வாங்கினார். நீலம் அடித்து, வெள்ளையில் தன் கையாலேயே ‘வேடியப்பன் தெரு’ என்று எழுதினார். நினைவு நாளன்று திறப்பதாக ஏற்பாடு. பிறகு தெருக்காரர்களுக்காகப் பேசுகிற பூமாலையிடம் போனார்.

“உங்க சிநேகிதரு தங்கம் பாய். யாரு இல்லன்னா? ஆனா ஆதாரு, ரேஷனு, ஓட்டு, பேங்கு, கேஸு. ஆளுக்கு அஞ்சு. நாப்பத்தோரு வூடு. இன்னா பண்றது?”

“மாத்திக்க வேண்டியதுதான்.”

“எம்பேரு பூனைமாலைன்னு வந்துடுச்சு. அந்த ஒரு எழுத்தை எடுக்க மூணு வருசம் அலைஞ்சேன். நாங்க அப்பால்லயே இருந்துட்டுப் போறோம்.”

“மனசாட்சின்னு ஒண்ணு இல்லியா?”

“கீதுங்க. போற எடத்துல அதுக்கும் கார்டு கேக்கறாங்க.”

வீட்டுக்கு வந்து மனைவி ஷர்புன்னிசாவிடம் முறையிட்டார். அவர் தன் கார்டுகளை எல்லாம் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, “டீ வேணுமா?” என்றார்.

5

நினைவு நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சுபஸ்ரீ கடைக்கு வந்தாள். அப்பாவின் பழைய அளவு நோட்டு ஒன்று பரணில் கிடைத்திருந்தது. விரித்துக் காட்டினாள்.

‘தெருப் பெயர்: அப்பால. இருசம்மா சொன்னது. மறக்கக் கூடாது.’

“இருசம்மா யாரு மாமா?”

கரீம் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருசம்மாள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, வளைவில் இரண்டு மாடு வைத்துப் பிழைத்தவள். அவளுடைய கொட்டகை நின்ற இடத்தில் தெரு பதின்மூன்றடிதான் வரும். இப்படியிருந்தால் வண்டி திரும்பாது என்று வேடியப்பன் ஒரு நாள் அவளிடம் சொல்லி வருத்தப்பட்டார். மறுநாள் டேப்போடு வந்தால், கொட்டகைச் சுவரை அவளே இடித்து மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டவர் யாருமில்லை, அவள் கேட்டதும் ஒன்றுமில்லை.

“தெருவுக்கு உம் பேரையே வெக்கிறேம்மா,” என்றார் வேடியப்பன்.

“அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். நீ மொதல்ல இந்த மாட்டைப் புடி.”

ஓவர்சியர் மாட்டைப் பிடித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கரீம்.

அவள் பிறகு மலைக்கே திரும்பிப் போய், அங்கேயே இறந்துபோனாள். பெயருக்குப் புள்ளி வந்து, கார்டுகள் வந்து, வேடியப்பனால் அதை மாற்ற முடியாமலே போயிற்று. ஆறு வருடம் முன்பு, ஷர்புன்னிசாவை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் அந்த வளைவில் திரும்பியபோது, “இன்னும் ஒரு அடி கம்மின்னா வண்டி உள்ள வந்திருக்காதுங்க,” என்று டிரைவர் சொன்னார். அப்போதுகூடக் கரீமுக்கு இருசம்மாள் ஞாபகம் வரவில்லை.

“அப்போ அப்பா சோம்பேறி இல்ல,” என்றாள் சுபஸ்ரீ.

“இல்லம்மா. அவுரு காத்துக்கினு இருந்தாரு. மறந்தவன் நாந்தான்.”

சுவரில் சாய்த்து வைத்த பலகையைப் பார்த்தார். தன் சத்தியத்தைக் காப்பாற்றினால் சிநேகிதனின் வாக்கு போகிறது. சிநேகிதனின் வாக்கைக் காப்பாற்றினால் தன் சத்தியம் போகிறது. இரண்டுக்கும் நாற்பத்தொரு வீடு சம்மதிக்கவேண்டும்.

6

முடிவு அ: நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் கண்ணீரோடு கார்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து… (கிழித்துவிட்டேன். பூமாலையை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா?)

முடிவு ஆ: கரீமின் கனவில் வேடியப்பன் தோன்றி… (கேட்டேன். சுகர் மாத்திரை போட்ட பிறகு கனவே வருவதில்லையாம்.)

முடிவு இ கரீமே கொண்டுவந்தது. என் கதைக்குள் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தெருவு பதினாறடி. அதுல மூணடி அவுங்க குடுத்தது. அந்த மூணடியில எவன் வூடும் இல்ல, எந்தக் கார்டும் இல்ல. அதையே ஒரு தெருவுன்னு வெச்சா இன்னாங்க?”

“தெருவுக்குள்ள தெருவா? மூணடி அகலத்துலயா?”

“இருசம்மா சந்து. யாரு வந்து ஆட்சேபிப்பாங்க, மாடா?”

கதைக்கு இது ஒத்துவராது பாய், வாசகர்கள் சிரிப்பார்கள் என்றேன். சிரிக்கட்டும், வேடியப்பனும் சிரித்திருப்பார் என்றார். மறுநாள் கடைப்பக்கம் போனபோது அந்தப் பலகை வெறும் நீலமாகக் காய்ந்துகொண்டிருந்தது. சிநேகிதனின் பெயரை எந்தப் பக்கத்திலிருந்து அழித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

7

நினைவு நாள். மண்டபத்தில் மலர் கொடுத்தார்கள். மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது: அப்பால். கதையை அப்பால தருகிறேன் என்று அச்சகத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். யாரோ மரியாதையாகப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

மைக்கில் ஒருவர், பெயர் வைக்கச் சோம்பல்பட்ட ஓவர்சியர் என்ற பழைய வேடிக்கையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சுபஸ்ரீயும் சிரித்தாள்.

பந்தியில் தெருவே உட்கார்ந்திருந்தது, பூமாலை உள்பட. என் பக்கத்து இலை மட்டும் காலி. கரீமின் இலை. எங்களுக்குச் சோறு வைத்தார்கள், சாம்பார் ஊற்றினார்கள், அவர் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். நடந்தே பத்து நிமிடம்தான். ஆனால் நான் பார்த்தால் நான் சாட்சி ஆகிவிடுவேன், எழுதினால் நீங்களும். சில காரியங்களுக்கு மேலே இருக்கிற ஒருவர் பார்த்தால் போதும். ஆகவே பாயசத்துக்குக் காத்திருந்தேன். நீங்களும் என்னோடு இப்படி உட்காருங்கள். அந்த வளைவுப் பக்கம் திரும்பாதீர்கள்.

பாயசம் வந்தபோது கரீமும் வந்தார். சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்த கையில், கட்டைவிரல் நகத்தோரம் வெள்ளைப் பெயிண்ட்.

“எங்க பாய் போய்ட்டீங்க?”

“ஆறிடப்போவுது, சாப்புடுங்க,” என்றார். “அப்பால சொல்றேன்.”