நாலாவது புள்ளி

புள்ளி அட்டையைக் கண் இமைக்கும் நேரம்தான் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் பிள்ளைகள் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு என்று ஒப்பிக்க யாராலும் முடியும்; எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் மூன்று என்று தெரிய வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகளோடு தினமும் காலையில் எனக்கு இதுதான் வேலை.

குண்டூசி என்று நான் கூப்பிடும் சின்னப் பெண் ஒரே ஓர் அட்டையில்தான் தவறினாள். புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூன்று என்பாள். முக்கோணமாக இருந்தாலும் மூன்றுதான். சதுரத்தின் மூன்று மூலைகளில் புள்ளி வைத்து ஒரு மூலையைக் காலியாக விட்ட அட்டைக்கு மட்டும் "நாலு!" என்று கத்துவாள்.

"மூணுதானேடி இருக்கு?"

"ஒண்ணு வெளிய போயிருக்கு மிஸ். அதோட எடம் இருக்குல்ல?"

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் சோதிக்க வருவார். தவறாகச் சொல்லும் பிள்ளையைப் பின்கட்டடத்தில் இருக்கும் மூன்று வயது வகுப்புக்கு இறக்கிவிடுவார். அங்கே போய்விட்டால் மாலையில் அவள் என்னோடு இருக்க மாட்டாள். குண்டூசியின் அப்பா மாலையில் தாமதமாகத்தான் வருவார். அதுவரை நானும் அவளும் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயடிப்போம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். வீட்டில் என்னைவிட மிக்ஸிதான் அதிகம் பேசுகிறது. அவளையும் விட்டால் எனக்கு யாரும் இல்லை. சுயநலம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். "இருக்கிறத மட்டும் சொல்லுடி." அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் அந்த அட்டையைக் காட்டி மறைத்தார்.

"நாலு!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய டீச்சர் நோட்டில் 'கீழ் வகுப்பு' என்று எழுதினார்.

"மேடம், அவ சதுரத்த முழுசா பாக்குறா. அதனாலதான்..."

"இல்லாதத இருக்குன்னு சொன்னா எப்படி டீச்சர்?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். "அப்புறம், ஆண்டு விழாவுக்கு நம்ம டீச்சருங்க வீட்டுக்கெல்லாம் நாற்காலி ஒதுக்குறோம். உங்க வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பெரிய டீச்சரின் பேனா நின்றது. என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்தவர் அவர்; கடைசிவரை என் பக்கத்திலேயே நின்றவர். குண்டூசி தரையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மேடம். ஒண்ணு போதும்."

"இருக்கட்டும்," என்று ரெண்டு என்றே எழுதினார். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, குண்டூசியின் பெயருக்கு நேரே எழுதியதை அடித்துவிட்டார்.