வெறுஞ்சுவரைப் படித்த மகதலேனா

பவுனம்மாள் டீச்சருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை. அவள் வகுப்பில் அதுவரை வந்த முப்பத்தேழு பிள்ளைகளும் இருபதடி தள்ளி நின்று, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டார்கள். ஒரு தப்பு? ம்ஹூம்!

அட்டைதான் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டதே, டீச்சர் சும்மா விடுவாளா? தினமும் காலையில் பிரம்பால் தொட்டுத் தொட்டு, "ட, ப, ம, ய, க" என்று எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைத்தாள். பரீட்சை என்று வந்துவிட்டால் பள்ளிக்கூடத்து மானமாச்சே!

டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரசர் வேலாயுதத்துக்குத்தான் முகம் சரியில்லை. இந்தப் பரிசோதனையில் கிட்டப்பார்வைப் பிள்ளைகள் உண்மையிலேயே அகப்படுகிறார்களா என்று பார்த்துவரத்தான் டாக்டர் அவரை அனுப்பியிருந்தார். "ஒருத்தருக்குக்கூடவா குறையில்லே?" என்று முணுமுணுத்தபடி அட்டையைக் கழற்றிச் சுருட்டினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி சார்!" என்றாள் டீச்சர்.

மகதலேனா. கரும்பலகையில் இருப்பதை ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்து எழுதாதவள். ரயில்வேயில் வேலைபார்க்கும் அவள் அப்பா வாலண்டைன் வாசலிலேயே நின்றார். "கண்ணு நல்லாருக்குன்னு டிரசர் சொல்லிட்டா இது மக்குதான் டீச்சரம்மா. இன்னையோட படிப்ப நிறுத்திடுறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மகதலேனா இருபதடிக் கோட்டில் வந்து நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். டிரசர் அட்டையை மாட்டுவதற்குள், வெறுஞ்சுவரைப் பார்த்து ராகம் போட்டாள்: "ட, ப, ம, ய, க!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். அட கடவுளே, அட்டை இருக்கா இல்லையான்னே இந்தப் புள்ளைக்குத் தெரியலையே!

டிரசரோ துள்ளிவிட்டார். "அகப்பட்டுச்சு டீச்சர், அகப்பட்டுச்சு! எல்லாரையும் வெளியே அனுப்புங்க!" அட்டையின் பின்பக்கம் புது எழுத்துகளை எழுதி, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முதலில் கண்ணில் குறையுள்ளவர் ஒருவர்கூட இல்லை; இப்போது ஏழு பேர்!

கடைசியில் மகதலேனாவின் கண்முன் ஒரு கண்ணாடிவில்லையைப் பிடித்தார். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. "ஐயோ, டீச்சர் மூக்குத்தியில சிவப்புக் கல்லு!" என்று கத்தினாள்.

வாலண்டைன் உள்ளே ஓடிவந்தார். "அப்போ எம்பொண்ணு மக்கு இல்லையா டீச்சரம்மா?"

"மக்கு நான்தாண்ணே" என்றாள் பவுனம்மாள். "நாளைக்கு நேரத்தோட அனுப்பி வைங்க."