கைக்கு எட்டிய வரைக்கும்

அவனுக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. இரும்புக் குழாய்த் தூணுக்குள் கீழிருந்து கான்கிரீட்டை பம்பு வைத்து ஏற்றுவார்கள். உள்ளே நிறைந்ததா இல்லையா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இறுகிய பிறகு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். 'டக்' என்றால் நிறைந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாம். 'டொங்' என்றால் உள்ளே ஓட்டை. பாரம் முழுவதும் வெறும் இரும்பின் தலையில்.

இந்த மகராசனுக்கோ ஏணியைக் கண்டாலே எமனைக் கண்ட மாதிரி. கைக்கு எட்டிய வரைக்கும் தட்டிவிட்டு முழுத் தூணுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவான். காற்று மாட்டிக்கொள்வது உச்சியில்தான். அது அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

இன்று காலை எட்டாவது மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். கிரேன் ஒரு இரும்பு விட்டத்தைத் தூக்கி வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மாடிச் சட்டத்தில் நின்று அதை எங்கே இறக்குவது என்று கிரேன்காரனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. நேற்றுவரை தரையில் நின்று கைகாட்டியவள்.

"ஏய், நீ எங்க அங்க?"

"இன்னிக்கு மேல போட்டுட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட தூணுதானேங்க, எனக்கென்ன பயம்?" என்று சிரித்தாள்.

அவன் ஓடிப்போய், அவள் காலுக்கு நேர் கீழிருந்த தூணில் ஏணியைச் சாய்த்து ஏறினான். மூன்றாம் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, பெற்றவளைக் கூப்பிட்டுக்கொண்டு, எப்படியோ உச்சிக்குப் போனான். தட்டினான்.

டொங்.

ஒரு சாண் தள்ளித் தட்டினான். அங்கேயும் டொங்.

"நிறுத்து! கிரேனை நிறுத்து! விட்டத்தை இறக்காதே! எல்லாரும் கீழ வாங்க!"

எஞ்சினியர் ஓடிவந்தார். "யோவ், நேத்து நீதானேய்யா சரின்னு எழுதிக் குடுத்தே?"

"ஏறாமலே எழுதிட்டேன் சார்."

அதற்குள் மேலே இருந்தவர்கள் பதறியடித்து எட்டாவது மாடிக்கு இறங்கிவிட்டார்கள். மனைவிக்கு மூச்சு வாங்கியது. ஏணியை இறுகக் கட்டிக்கொண்டு தொங்கியவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ஒண்ணு மட்டும்தானேங்க?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"கீழ இருக்கிற எட்டு மாடியும் அப்படித்தான்டி. ஒண்ணுலயும் நான் ஏறல."

அவள் குனிந்து தன் காலடித் தளத்தைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்கப் பயந்து நின்ற இடத்திலேயே நின்றாள். கூட நின்ற பத்துப் பேரும் அசையவில்லை.