அரம் தேய்த்த இடம்

சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கொக்கி வளையத்தைக் கோத்து, சேருமிடத்தில் எள்முனையளவு பொடி வைத்து, பொடியக்கா ஊதுகுழலை வாயில் கவ்வினாள். சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்து நாக்கு நீட்டியது. பொடி சிவந்து, உருகி, சந்துக்குள் ஓடி ஒட்டிக்கொண்டது. ஊதுவதை அரை நொடி முன்னால் நிறுத்தினால் ஒட்டாது. கொஞ்சம் பிந்தினாலோ வளையமே உருகி உருண்டையாகிவிடும். ஒன்பது வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பொடி என்றால் பற்றவைக்கும் பொடி. தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி அராவியது; அளவு கூடினால் நகையின் தரம் குறையும். அவளுடைய பெயரே அதனால் வந்ததுதான். ஆனால் பொடி வைத்துப் பேச மட்டும் இவளுக்கு வராது என்று பக்கத்து மேசைக்காரிகள் கேலி செய்வார்கள். மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

மேஸ்திரி வந்து பின்னால் நின்றார். "அக்கா, அணைச்சிட்டு வாங்க. முதலாளி கூப்பிடறாரு."

முதலாளியின் மேசையில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் பதினான்கு சங்கிலிகள் கிடந்தன. இந்தப் பட்டறையில் செய்து நகைக்கடைக்குப் போனவை, திரும்பி வந்திருந்தன. கடையில் யாரோ ஒரு அம்மா சங்கிலியை மாற்ற வந்திருக்கிறார். உருக்கிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் இருக்க வேண்டிய தங்கம் எண்பத்தொன்பதுதான் இருந்தது. கொக்கியில் குத்திய முத்திரை மட்டும் 916 என்று மிடுக்காக நின்றது.

"பொடியை அள்ளிப் போட்டிருக்கீங்க போலிருக்கே" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதுமே உயராது. "கடைக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் கணவர் முதுகெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கையில் இருந்தார். இவள் இங்கே ஊதினால்தான் அங்கே உலை கொதிக்கும். பொடியில் கைவைத்தவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், இந்தத் தொழிலில் வேறெந்தப் பட்டறைப் படியையும் ஏற முடியாது.

"ஒரு சங்கிலிக்கு ரெண்டே இடத்துலதாங்க பொடி வைக்கிறேன். அள்ளியே போட்டாலும் இவ்வளவு குறையாது. கம்பியிலதான் ஏதோ இருக்கு."

மேஸ்திரி இருமினார். கண்ணி செய்யும் கம்பி வருவது, தங்கத்தை உருக்கி இழுக்கும் உருக்குமனையிலிருந்து. உருக்குமனை முதலாளியின் மைத்துனருடையது.

முதலாளி கோபப்படவில்லை. மூலையில் தங்கத்தின் தரம் காட்டும் சோதனைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மெஷின்காரருக்குக் கண் காட்டினார். அவர் ஒரு சங்கிலியை எடுத்து, நடுக் கண்ணி மேலே வரும்படி வைத்து மூடினார். அரை நிமிடத்தில் திரையில் எண் வந்தது. 91.6.

"பொடி படாத இடம் சுத்தமா இருக்கு. அப்போ கோளாறு யார்கிட்ட?"

அவள் சங்கிலியை விரலில் உருட்டிப் பார்த்தாள். "ஒரு அரம் குடுங்க."

"எதுக்கு?"

"கடைசியில அமிலத்துல போட்டுத்தானே எடுக்கறோம்? மேல இருக்கிற செம்பை அது தின்னுடும். தோல்ல தங்கம்தான் மிஞ்சும். மெஷின் பாக்கறது அந்தத் தோலை. அதே கண்ணியை ராவிட்டு வைங்க, உள்ளே இருக்கிறது தெரியும்."

மெஷின்காரர்தான் சின்ன அரம் ஒன்றை நீட்டினார். அவள் காகிதத்தின் மேல் கண்ணியைப் பிடித்து ஆறேழு இழுப்பு இழுத்தாள். அவர் அதைப் பெட்டிக்குள் வைத்தார். 88.9. இன்னொரு சங்கிலி. 89.1. மூன்றாவதை எடுத்தபோது முதலாளி கையை உயர்த்தினார். "போதும்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் மூச்சை விட்டாள்.

"கெட்டிக்காரிதான் நீங்க" என்றார் முதலாளி. நிஜமாகவே மெச்சித்தான் சொன்னார். "மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா கடைக்கு இன்னிக்கே கடிதம் போகணும். கம்பியில தப்புன்னு எழுதினா இந்த வருஷம் போன சரக்கு மொத்தமும் திரும்பி வரும். பொடியில தப்புன்னா இந்தப் பதினாலோட முடிஞ்சுடும்."

"யார் வச்ச பொடின்னு எழுதுவீங்க?"

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தார்.

"இந்த மாசச் சம்பளத்தை முழுசா வாங்கிக்கிட்டு நின்னுக்கோங்கம்மா."

"அப்போ நான் ராவிக் காட்டினது?"

"யாரு ராவினா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். மெஷின்காரர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு இந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்றுகூட இருந்தது. கவிழ்த்தால் அந்தச் சம்பளத்துக்கும் நாமம்தான். ஊதி ஊதிப் பழகிய மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டறையின் வாசலில் தினமும் செய்வதையே அன்றும் செய்தாள். பையில்லாத மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தலைமயிரை அவிழ்த்து, வெள்ளைத் துணியின் மேல் குனிந்து மூன்று முறை வாரினாள். தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கழுவினாள். வருடக் கடைசியில் அந்தத் தண்ணீரை வடிகட்டித் தங்கம் எடுப்பார்கள். ஒட்டிக்கொண்டு ஒரு துகள்கூட வெளியே போய்விடக் கூடாது.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார் மேஸ்திரி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு வழக்கம்போல, "நகத்தைக் காட்டுங்க" என்றார்.

அவள் பத்து விரல்களையும் நீட்டினாள். இடது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், சற்றுமுன் அரம் உதிர்த்த தூளில் ஒரு பொட்டு மஞ்சளாக ஒட்டியிருந்தது. மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசிமுனையால் வலிக்காமல் கிளறி, தொட்டிக்குள் தட்டிவிட்டு, கதவைத் திறந்தார்.