அடர்நீலச் சட்டையின் மினுக்கம்

சலவைக்கடை அக்கா தேய்க்கும் துணியில் சூடு ஏறியதும் பழைய செய்யுள் தமிழில் இரண்டு வரி எழும்பும். துணி யாருடையதோ அவருடைய குணத்துக்கு ஏற்ற வரி. ஆறினால் மறைந்துவிடும். ஆரம்பத்தில் சாயம் ஊறுகிறது என்று சோப்பை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு தெரு பழகிக்கொண்டது. பல் வைத்தியரின் கோட்டில் பிறர் வலியை அறிவது பற்றி ஒன்று வந்தது. அன்றிலிருந்து அவர் ஊசியை மெதுவாகப் போட்டார். வாத்தியாரம்மாவின் புடவையில் ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் கேட்காதவர்களைப் பற்றி வந்தது. அவர் கொஞ்ச நாள் வேறு கடைக்குப் போய்விட்டு, அங்கே மடிப்பு நிற்கவில்லை என்று திரும்பிவிட்டார். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் சட்டையை எப்படியாவது வாங்கி இங்கே கொண்டுவந்தார்கள். அக்காவின் சொந்தப் புடவைகளில் எப்போதும் ஒரே வரிதான், அவசரப்பட்டு முடிவெடுப்பவர்களைப் பற்றியது. பொதுவாகச் சொன்னது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கடையின் பின்பக்கம் துவைப்பவர் அவள் கணவர். வெந்நீர் அடுப்பின் கரி தெரியாமலிருக்க அடர்நீலச் சட்டை மட்டுமே போடுவார், அதிகம் பேச மாட்டார். அவருடைய சட்டையில் ஓர் எழுத்துகூட எழும்பியதில்லை. கல்யாணமான புதிதில் அக்கா சிரித்தாள். பிறகு சூட்டைக் கூட்டிப் பார்த்தாள். வருடங்கள் போகப் போக, கடைக்கு வருபவர்கள் "வீட்டுக்காரருக்கு என்ன வந்துது?" என்று கேட்டால் காது கேட்காத மாதிரி நின்றாள். கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லையா?"

அவர் பிழிந்துகொண்டிருந்த போர்வையை நிறுத்தி நிஜமாகவே யோசித்தார். "இருந்தா வந்திருக்குமே," என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அதை நம்பித்தான் சொன்னார், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்றுமில்லாத மனிதரோடு மிச்சக் காலத்தை ஓட்ட முடியாது என்று தங்கை வீட்டுக்குப் போக முடிவு செய்தாள். அவர் சரி என்றார். அவளுடைய பையில் வார் அறுந்திருந்ததைப் பார்த்து, உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்.

கிளம்பும் நாள் காலையிலும் பாக்கித் துணிகளைத் தேய்த்துவிட்டு, அடுத்து வருபவள் குறை சொல்லக் கூடாது என்று தேய்க்கும் மேசையில் மேல்துணிக்கடியில் விரித்திருந்த கம்பளியை மாற்றப் போனாள். தினமும் தேய்த்துத் தேய்த்து, பத்து வருடமாக ராத்திரியிலும் சூடு ஆறாத கம்பளி. மேல்துணியை உருவியதும் கை அப்படியே நின்றது. கம்பளி முழுக்க எழுத்து, எல்லாம் இடம் வலமாக மாறி. அடர்நிறத் துணியை நேராகத் தேய்த்தால் மினுக்கம் விழும். மற்றவர்கள் சட்டைக்கு ஈரத்துணி போட்டுச் சமாளிப்பவள், கணவருடையதை மட்டும் கூடுதல் கரிசனத்தோடு உட்புறம் திருப்பிப் போட்டுத் தேய்த்துவந்தாள். அவருடைய வரிகளெல்லாம் கீழ்ப்பக்கமாக எழும்பி அங்கே இறங்கியிருந்தன.

சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துப் படித்தாள். கேட்காமலே அடுத்தவர் பாரத்தில் தோள் கொடுப்பது பற்றி, சொல்லத் தெரியாத அன்பு பற்றி, தன்னைக் குறைவாக எண்ணிக்கொள்ளும் நல்லவர்களைப் பற்றி. இதற்குள் காற்றுப் பட்டு ஓரத்து வரிகள் மங்கத் தொடங்கின.

"கொஞ்சம் ஓடி வாங்க, ஆறுது," என்று கூப்பிட்டாள்.

சோப்புக் கையோடு வந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "யார் சட்டை இது?"

"உங்களோடது."

"நல்லாப் பாத்தியா? வேற யாரோடதாவது கலந்திருக்கப் போவுது."

"எல்லாம் உங்களோடதுதாங்க."

அவள் பிடித்திருந்த கண்ணாடியை அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். கடைசி வரி மறையும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

பையில் இருந்த புடவைகள் கசங்கியிருந்ததால் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. வழக்கமான வரியே வந்தது. இந்த முறை முழுசாகப் படித்தாள்.

அதற்குப் பிறகு அவருடைய சட்டைகளை ஈரத்துணிகூடப் போடாமல் நேராகவே தேய்க்கிறாள். வரி எழும்பியதும் உரக்கப் படிக்கிறாள், அவர் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். சட்டைகளில் மினுக்கம் விழுந்துவிட்டது. தொழில் தெரிந்த வீட்டில் இப்படியா என்று தெருவில் கேட்கிறார்கள். அவர் அந்த மினுக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்.