போகும், வராது

கூவாக்குளத்தில் ஒருவர் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினால், அந்த வீடு அவருக்குப் பின்னாலேயே புறப்பட்டுவிடும். அவசரப்படாது. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஊர் உண்டு முடித்துக் கண்ணயரும் நேரத்தில், ஒரு சாண் நகரும். சிங்கப்பூருக்குப் பையன் போன வீடுகள் கிழக்கே கடலைப் பார்த்துப் போகும். நாகர்கோவிலில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடுகள் தெற்கே போகும். செத்துப்போனவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் அந்த வீடுகள் மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும்.

இதற்காக எல்லா வீட்டுப் பின்சுவரிலும் கட்டும்போதே ஓர் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். சேர்மராசு தன் டிராக்டரைக் கொண்டுவந்து, வளையத்தில் சங்கிலியை மாட்டி, வீட்டை அதன் இடத்துக்கே இழுத்து வைத்துவிடுவான். வீட்டில் இருப்பவர்கள் அதுவரை கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சொரிமுத்துவின் வீடு நாற்பது நாளாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. சங்கரன்கோவில் மேற்கேதான் இருக்கிறது. அவன் மனைவி தங்கக்கனி சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் இருந்தாள்.

சொரிமுத்து மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவன். வீட்டு முன்னறைதான் கடை. எந்நேரமும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பான். தங்கக்கனி எது சொன்னாலும் ‘ம்’ என்பான். மழை வருது என்றாலும் ‘ம்’, உங்க சித்தப்பா தவறிட்டாராம் என்றாலும் ‘ம்’. அன்று காலை அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “நானும் ஒரு மிக்ஸியா இருந்தா பிரிச்சாவது பாத்திருப்பிய. நான் போறேன்” என்றாள்.

‘போறேன்னு சொல்லாத, போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்துவது ஊர் வழக்கம். கடைசிப் படியை விட்டுக் கால் எடுப்பதற்குள் திருத்திவிட்டால் போதும், வீடு நின்றுவிடும். அவள் கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தாள். சொரிமுத்து ஒரு ஜாரின் அடியில் பிளேடைக் கழற்றிக்கொண்டே ‘ம்’ என்றான். அன்றைக்கு இரண்டு மணிக்குத் தரை ஒருமுறை அசைந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

சேர்மராசுவிடம் போய்ச் சொன்னான். அது பரீட்சை முடிவுகள் வந்து பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்குக் கிளம்பிய சமயம். பாதி ஊர் நகர்ந்துகொண்டிருந்தது. ஆவணி வரைக்கும் ஆள் பதிந்தாகிவிட்டது என்று சேர்மராசு கையை விரித்துவிட்டான்.

சொரிமுத்துவால் ஆவணி வரைக்கும் பொறுக்க முடியாது. மேற்கே அடுத்த வீடு பாக்கியநாதன் வாத்தியாருடையது. இரண்டு சுவருக்கும் நடுவில் இன்னும் எட்டுச் சாண்தான் பாக்கி. கூவாக்குளத்தில் இரண்டு வீட்டுச் சுவர்கள் முட்டிக்கொண்டால் அது ஒரே வீடு, உள்ளே இருப்பவர்கள் ஒரே குடும்பம். போன வருஷம் கிழக்குத் தெருவில் செல்லையா வீடும் அருணோதயம் வீடும் முட்டிக்கொண்டன. அதற்கு முந்தின நாள் வரை வாய்க்கால் தகராறில் முகம் பார்க்காதவர்கள். மறுநாள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், எப்போதுமே இப்படித்தான் என்றார்கள். செல்லையாவின் மகள் திண்டுக்கல்லில் நர்ஸாக இருந்தாள். அவள் தீபாவளிக்கு வந்தபோது, “யாரும்மா வேணும் உனக்கு?” என்று அன்பாக விசாரித்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தச் சொம்புதான் சொரிமுத்துவின் கண்ணுக்குள்ளேயே நின்றது. தங்கக்கனி ஒருநாள் மனம் மாறி வருவாள், தான் எழுந்து போய் யாரம்மா வேண்டும் என்று கேட்போம் என்று நினைத்துப் பார்த்தான். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதாவது தலை நிமிர்ந்து பார்ப்போமா என்றுகூட நிச்சயமில்லை.

வாத்தியாருக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. பிள்ளை இல்லாத வீடு. சுவரோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“முட்டிட்டா முட்டட்டுமே வே. நாங்க என்ன உம்மைப் பட்டினியா போடப்போறோம்?” என்றார். அவர் மனைவி உள்ளே போய் ஒரு புது எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். விளிம்பில் ‘சொரிமுத்து’ என்று பெயர் வெட்டியிருந்தது.

“எழுத்து நல்லாருக்கா?” என்று கேட்டாள்.

நல்லாருக்கு என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவன் பைபாஸ் சாலையில் இருக்கும் மாசானத்தின் பழைய வண்டிக் கடைக்குப் போனான். அங்கே ஒரு வெள்ளை நிற லோடு வண்டி நின்றது. ஒன்றரை டன் தாங்கும். டயர் நான்கும் புதிது. விலையோ சைக்கிளுக்குக் கொஞ்சம் மேலே.

“இழுக்குமா?” என்று கேட்டான் சொரிமுத்து.

மாசானம் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் சங்கிலியை மாட்டி, வண்டியை எடுத்துப் பத்து கஜம் இழுத்துக் காட்டினார். சொரிமுத்து எட்டிப் பார்த்தான். தண்ணீர் அலுங்காமல் இருந்தது. கிணறு முதலில் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

“விலை ஏன் இம்புட்டு கம்மி?”

“போகும் அண்ணாச்சி. வராது.”

“ரிவர்ஸ் இல்லையா?”

“ரிவர்ஸெல்லாம் நல்லா விழும். போன ரோட்டுல திரும்ப வராது, அவ்வளவுதான். புது ரோட்டுல எம்புட்டு தூரமும் போகும்.”

“அப்போ உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?”

“எங்க வந்துச்சு? என் கடை எட்டயபுரத்துல இருந்தது. இது இங்க போய் நின்னுக்கிட்டுது. பெறகு நாந்தான் கடையக் கொண்டாந்தேன்.”

ஓட்டுபவர் இருக்கைக்குக் கீழே மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. முன்பு வைத்திருந்தவர்களுடையது என்றார் மாசானம். அளவு சரியாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொரிமுத்து ஒவ்வொன்றாகக் காலை நுழைத்துப் பார்த்தான். மூன்றாவது ஜோடி அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். ஐந்து நாள் யோசித்தான். இவன் ஆற அமர யோசிக்க யோசிக்க வீடு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டியை வாங்கினால் வீட்டை ஒருமுறை கிழக்கே இழுத்து இடத்தில் வைக்கலாம். அப்புறம் வீடு திரும்ப மேற்கே வரும். அடுத்த தடவை இழுக்க அந்த வண்டி அதே பாதையில் வராது. ஒருமுறைக்காக ஒரு வண்டி வாங்குவதா என்று ஒரு நாள் தோன்றும். வாங்காமல் விட்டுச் சொம்பும் கையுமாக நிற்பதா என்று மறுநாள் தோன்றும். ஆறாம் நாள் வாத்தியார் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி அவன் சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

ஏழாம் நாள் காலையில், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு சாண் மட்டும் மிச்சம் இருந்தபோது, சொரிமுத்து போய் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தான். சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சுவர் வளையத்துக்குப் போனவன் அங்கே நின்றான். வீடு நாற்பத்தேழு நாளாக ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் போக வேண்டும் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு மட்டும் ஒரு வண்டி வாங்கித்தான் அது தெரியவேண்டியிருந்தது என்று நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. சங்கிலியை எடுத்துவந்து முன்வாசல் தூணில் கட்டினான்.

வாத்தியார் வீட்டைச் சுற்றி, தெருவை வளைத்து, வீடு சாலைக்கு ஏறியது. வாத்தியாரின் மனைவி தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சொரிமுத்து திரும்பிப் பார்த்தான். வீடு இருந்த இடம் நீளவாக்கில், ஈரமண்ணோடு, முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. “போறேன்” என்று சொல்லிவிட்டான். திருத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

ரயில்வே கேட்டில் கேட்கீப்பர் வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல.”

“அப்போ மெதுவாப் போங்க. ஆள் இல்லாத வீடு ரொம்ப ஆடும்.”

இரண்டு மணிக்கு வீடு தானாகவே ஒரு சாண் முன்னால் வந்து வண்டியை லேசாக இடித்தது. மற்றபடி வழியில் தொந்தரவு இல்லை. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவன் வீட்டு ஜன்னல் திரை காற்றில் ஒதுங்கி, உள்ளே பிரித்துப் போட்ட மிக்ஸிகள் தெரிந்தன.

சங்கரன்கோவிலில் தங்கக்கனியின் அக்கா வீட்டுத் தெருவில் போய் நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தங்கக்கனி வெளியே வந்து வீட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீ போறேன்னு சொன்னப்போ நான் திருத்தல கனி” என்றான் சொரிமுத்து. தலை நிமிர்ந்துதான் சொன்னான். “அது என் தப்பு. அன்னையிலருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.”

“தெரியும். படியிலயே நின்னு பாத்தேன்லா” என்றாள் அவள். அவள் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, அக்காவிடம், “போயிட்டு வர்றேன்க்கா” என்று திருத்தமாகச் சொன்னாள். சொரிமுத்துவின் வீட்டுப் படியில் அவள் கால் வைத்ததும் சுவர்களுக்குள் எதுவோ அடங்குவது கேட்டது. வீடு நின்றுவிட்டது.

வண்டி வந்த வழியில் திரும்பாது. அதனால் அவர்கள் அங்கேயே, ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வீட்டை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சொரிமுத்துவுக்கு அந்த வெற்று இடத்தின் நினைப்பு வந்தது. போறேன் என்று சொல்லிவிட்டு வந்தோமே, அதுவும் தினம் ஒரு சாணாகப் புறப்பட்டிருக்குமே, மேற்கே ஒரே சாணில் வாத்தியார் வீடு நிற்கிறதே, இதற்குள் முட்டியிருக்குமே என்று நினைத்தான். வாத்தியாருக்குப் போன் போட்டான்.

“யாரு, வாத்தியாரா?”

“சொரிமுத்து பேசுதேன். நீங்க யாரு?”

சொரிமுத்துவின் குரல்தான் அது. பின்னால் ஒரு மிக்ஸி ஓடி நின்றது. அப்புறம் தங்கக்கனியின் குரல் தூரத்திலிருந்து, “சோறு ஆறுது, வாங்க” என்றது. அந்தப் பக்கம் இருந்தவன், “இந்தா வந்துட்டேன் கனி” என்று உடனே சொன்னான்.

சொரிமுத்து இன்னும் ஒன்றிரண்டு விசாரித்துவிட்டுப் போனை வைத்தான். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த தங்கக்கனி, “யாரு போன்ல?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“எப்படி இருக்கோமாம்?”

“நல்லா இருக்கோமாம்.”

“நானும் அங்கதான் இருக்கேனாமா?”

“அங்கதானாம். நீ ஒருநாளும் எங்கயும் போனதே இல்லையாம்.”

தங்கக்கனி பானையை நிமிர்த்தி வைத்தாள். “நீங்க?” என்று கேட்டாள்.

“கூப்பிட்டா உடனே வந்துருதேனாம்.”

அவள் இரண்டு தட்டுகளைக் கழுவிப் பரிமாறி வைத்துவிட்டு, “சோறு ஆறுது, வாங்க” என்றாள். சொரிமுத்து கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தான். யார் வெட்டியதோ, அவன் தட்டின் விளிம்பில் இப்போது ‘பாக்கியநாதன்’ என்று இருந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கூவாக்குளத்தில் அந்தப் பெயருக்கு இனி ஆள் இல்லை. அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.