வெறும் அப்பளம்

சீனாக்காரி ஒருத்தி எங்கள் மாடியில் குடிவந்திருக்கிறாள் என்றதும் தெருவே என்னிடம் நூடுல்ஸ் செய்முறை கேட்டது. சூ யிங்குக்குச் சமைக்கவே தெரியாது. அவள் ஓவியர். மூன்று மாதம் பாளையங்கோட்டையில் தங்கி வரைய வந்தவள். அரைகுறைத் தமிழில் என்னை அக்கா என்று கூப்பிடுவாள், நான் வைக்கும் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி ஊற்றிச் சாப்பிடுவாள்.

ஒருநாள் அவளைக் கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் வேட்டி விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தவள் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து ஆளுயரத்துக்கு வரைந்தாள்: வெள்ளை வேட்டி, அதன்மேல் வட்டவட்டமாக அப்பளம். அவ்வளவுதான். எனக்கு எச்சில் ஊறியது.

படத்தை போட்டோ எடுத்து ஜெர்மனியில் ஒரு பெரிய கண்காட்சிக்கு அனுப்பினாள். அங்கே இடம் கிடைத்துவிட்டால் போதும், ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போ என்று அம்மா நச்சரிப்பதை விட்டுவிடுவாள் என்றாள். கண்காட்சியை நடத்தும் ஹெல்கா வீடியோவில் வந்து இங்கிலீஷில் பேசினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அற்புதம்! முகம் அழிக்கப்பட்ட மக்கள். வாயடைக்கப்பட்ட ஒரு தேசம்!" ஹெல்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்பளம்," என்றாள் யிங். "உளுந்து மாவில் செய்வது. பொரித்துச் சாப்பிடலாம்."

ஹெல்கா குரலைத் தாழ்த்தினாள். "புரிகிறது. வெளிப்படையாகப் பேச முடியாது. பக்கத்தில் இருப்பது யார்?"

ஏசப்பா! சோறு வடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற நான் சீன உளவாளியாம்!

"படத்துக்கு 'மௌனம்' என்று பெயர் வையுங்கள், எடுத்துக்கொள்கிறோம். அப்பளம் என்றால் கஷ்டம்."

யிங் திரையில் ஹெல்காவையே பார்த்தாள். "அப்பளம்தான்," என்று லேப்டாப்பை மூடினாள். மூடியபின் அழுதாள்.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அவ கெடக்கா, விடுட்டி! சீனாக்காரின்னா அழுது பொலம்பணும், இல்லைன்னா படத்துக்கு எடம் கிடையாதாக்கும்? நான் பாடம் எடுக்குத ஸ்கூல் ஹால்ல மாட்டுவோம். நான் பேசுதேன்."

"அப்படியேவா அக்கா?"

"அப்படியேதான். ஓரத்துல மட்டும் சின்னதா ஒரு டிராகன் போட்டுரு. சீனாக்காரி வரைஞ்சதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாண்டாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். சற்றுமுன் ஹெல்காவைப் பார்த்த அதே பார்வை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"டிராகன் வேண்டாம்ட்டி," என்றேன் பைய. எண்ணெய் காயவைத்து அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். ஒன்றுவிடாமல் தின்றாள்.

படம் இப்போது எங்கள் ஸ்கூல் ஹாலில் இருக்கிறது. கீழே அவளே தமிழில் எழுதிய பெயர்: அப்பளம். மத்தியான மணி அடிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்.

"வயிறு பசிக்கு டீச்சர்."

சீனாவுக்குத் திரும்பிவிட்டவளிடம் அதை போனில் சொன்னேன். அந்தப் பக்கம் யிங் மறுபடி அழுதாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.